ஜன்னலோரத்தில் தொடங்கலாம்: அன்றாடத்திலிருந்து ஊக்கம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு தை மாதம். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வந்துகொண்டிருந்த வேன் ஒரு கொண்டை ஊசி வளைவில் பாறையில் மோதியது. வண்டியில் இருந்த எல்லோரும் பிழைத்தோம். எனக்கு வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, பிளேட் வைத்தார்கள். நான்கு மாதம் படுக்கை. கால் கூடிவிட்டது. ஆனால் மலையிறங்கும் பாதையை நினைத்தாலே உள்ளங்கை வியர்த்தது. நீலகிரியில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் காலேஜ், கல்யாண ஜவுளி எதுவானாலும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்க முடியாவிட்டால் பாதி வாழ்க்கை நின்றுபோகும்.

அப்போது என் போனுக்கு ஊக்க வாசகங்கள் நிறைய வந்தன. சூரிய உதயப் படம், அதன் மேல் 'உன்னால் முடியும்' என்று பெரிய எழுத்து. அன்போடு அனுப்பியவைதான். படிக்கிற நிமிடம் நெஞ்சு கொஞ்சம் நிமிரும், டீ ஆறுவதற்குள் பழையபடி சாய்ந்துவிடும். எனக்கு உதவியது வேறொன்று. கண்ணெதிரே நடக்கிற ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று கூர்ந்து பார்ப்பேன். பார்த்ததை வைத்து அன்றைக்கே ஒரு சின்ன வேலை செய்வேன். அதைப் பழக்கமாக்கிக்கொண்ட முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன்

இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே உதவி கேளுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். கீழே வரும் எந்தப் படியும் சிகிச்சைக்கு மாற்றாகாது. நான் மாத்திரையும் எடுத்தேன், இதையும் செய்தேன்.

முதல் படி: ஓர் இடம், 15 நிமிடம்

தினமும் ஒரே இடத்தில் உட்காருங்கள். ஜன்னல், திண்ணை, மொட்டை மாடி, பஸ் ஸ்டாப் எதுவானாலும் சரி. இடத்தை மாற்றாதீர்கள். ஒரே இடத்தைத் தினமும் பார்த்தால்தான் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும்.

ஜன்னலுக்கு அப்படி என்ன சக்தி என்று கேட்கலாம். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 23 பேருக்கு ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன, 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர வேண்டாம். ஆனால் படுத்துக்கிடந்த எனக்குக் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொல்ல அது போதுமான காரணமாக இருந்தது.

என் ஜன்னலில் தெரிந்தது அரை ஏக்கர் தேயிலை, நடுவில் நான்கு சில்வர் ஓக் மரம், அதற்கப்பால் பள்ளம். முதல் மூன்று நாள் 'பச்சையாக இருக்கிறது' என்பதைத் தவிர எதுவும் தோன்றவில்லை. நாலாம் நாள்தான் மூடுபனி எந்த வழியாக ஏறி வருகிறது என்று கவனித்தேன். பள்ளத்திலிருந்து எழுந்து, முதலில் கீழ்க்கோடி மரத்தைத் தொட்டு, பிறகுதான் செடிக்கு வரும். ஒரு வாரம் கழித்து, கொண்டைக் குருவி தினமும் ஒரே கிளையில் வந்து உட்காருவது தெரிந்தது. ஒருநாள் காலையில் வேலியோரம் காட்டுமாடு ஒன்று நின்று, என்னைப் பார்த்துவிட்டு அவசரமே இல்லாமல் இறங்கிப் போனது. அன்றைக்கு முழுவதும் வலியைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை என்று ராத்திரிதான் உணர்ந்தேன்.

15 நிமிடமும் போனை வேறு அறையில் வையுங்கள். போட்டோ எடுக்க வேண்டாம், எடுத்தால் பார்ப்பது அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாம் படி: மூன்று வரி நோட்டு

இந்த முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. சாதாரண 80 பக்க நோட்டு போதும். தினமும் மூன்றே வரி. இன்று நான் பார்த்தது. அது எப்படி நடக்கிறது. அதை வைத்து இன்று நான் செய்யப்போவது.

இரண்டாவது வரியில்தான் எல்லோரும் வழுக்குவோம். 'மரம் பொறுமையைக் கற்றுத்தருகிறது' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அது நமக்கு முன்பே தெரிந்த ஒரு வாசகத்தை மரத்தின் மேல் ஒட்டுவதுதான். மரம் நிஜமாகவே என்ன செய்கிறது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் விசாரியுங்கள். விசாரிக்கப் போவதே உங்களை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரும்.

மூன்றாவது வரி பத்து நிமிடத்தில் முடிகிற வேலையாக இருக்க வேண்டும். 'தைரியமாக இருப்பேன்' என்பது வேலை இல்லை. 'வாக்கரைப் பிடித்துச் சமையலறை வரை போய்த் தண்ணீர் எடுத்து வருவேன்' என்பது வேலை.

பலர் இங்கே குறிஞ்சிப் பூவைச் சொல்வார்கள். 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்கும் என்று. எனக்கும் அந்த நீலம் பிடிக்கும். ஆனால் துவண்டு கிடக்கிறவருக்குப் பன்னிரண்டு வருடக் கணக்கு ரொம்பத் தூரம். நாளைக் காலைக்குள் மாறுகிற ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

மூன்றாம் படி: காயத்தைக் கவாத்திடம் கேளுங்கள்

சித்திரை மழை ஒன்றிரண்டு விழுந்த பிறகு, என் ஜன்னலுக்கு வெளியே இருந்த தோட்டத்தைக் கவாத்து வெட்டினார்கள். இடுப்பளவு பச்சை ஒரே நாளில் மொட்டைக் குச்சியானது. பார்க்கவே முடியவில்லை. ஜன்னலைச் சாத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலம் அந்தத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்கா என்னைப் பார்க்க வந்தார். "ஏன்க்கா இப்படி வெட்டிட்டீங்க?" என்றேன். "வெட்டலைன்னா செடி மேல மேல போயிரும் கண்ணு, கொழுந்து வராது. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வெட்டித்தான் ஆகணும்" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னவை ஒவ்வொன்றும் என் நோட்டில் இரண்டாவது வரியாக ஏறின. நீங்களும் உங்கள் காயத்தோடு பொருத்திப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாச் செடியையும் நினைத்த நேரத்தில் வெட்ட மாட்டார்கள். முதலில் வேரில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேரை நறுக்கி அயோடின் கரைசலில் வைத்தால், சத்து இருக்கும் வேர் கருநீலமாகும். நிறம் மாறாவிட்டால் கவாத்தைத் தள்ளிப்போட்டு, செடியைக் கொழுந்து பறிக்காமல் ஓய்வில் விடுவார்கள். சத்து இல்லாத செடியை வெட்டினால் அது எழாது, காய்ந்துவிடும். இதைக் கேட்ட அன்று மூன்றாவது வரியில் 'இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைக்கிறேன்' என்று எழுதினேன். அதுவரை பயிற்சி செய்யாத குற்ற உணர்வில் ராத்திரியெல்லாம் விழித்துக்கிடந்தேன். தூக்கமும் சாப்பாடும் சரியாவதற்கு முன்னால் உங்களை நீங்களே விரட்டாதீர்கள்.

சில தோட்டங்களில் ஓரத்துக் கிளைகள் சிலவற்றை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அந்த இலைகள் செடிக்கு மூச்சு போல, புதுத் தளிர் வரும்வரை அவைதான் உணவு சமைத்துக் கொடுக்கும். எல்லாம் போய்விட்டது என்று தோன்றுகிற நாளில் உங்களிடம் வெட்டுப்படாமல் நிற்கிற கிளை எது என்று எழுதுங்கள். எனக்கு அது என் குரல். படுத்தபடியே பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குத் தினமும் அரைமணி நேரம் பாடம் வாசித்துக் காட்டினேன்.

வெட்டு வாயில் பூஞ்சை ஏறாமல் தாமிர மருந்து பூசுவார்கள். கழித்த கிளைகளையே செடியின் மேல் பரப்பி மூடுவார்கள், மொட்டையான தண்டில் நேரடி வெயில் பட்டால் பட்டை வெடித்துவிடும். காயத்தோடு இருக்கும்போது எல்லோர் கண்ணிலும் பட வேண்டியதில்லை. கேள்விமேல் கேள்வி கேட்கிற உறவினர் வந்தால், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் சித்தி, நானே சொல்றேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம், துளிர்த்த உடனே பறிக்க மாட்டார்கள். முதல் தளிரைக் குறிப்பிட்ட உயரம் வரை வளரவிட்டு, நுனியை மட்டும் சமமாகக் கிள்ளுவார்கள். பழையபடி கூடை நிறையக் கொழுந்து வர இன்னும் மாதங்கள் ஆகும். கால் ஊன்றிய முதல் வாரமே நான் மாடிப்படி ஏறப் பார்த்து வீக்கத்தோடு திரும்பப் படுத்தேன். அன்றைக்கு இந்த வரியை இரண்டு முறை எழுதினேன்.

நான்காம் படி: நடந்ததை நான்கு நாள் எழுதுங்கள்

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய மாணவியும் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் தங்கள் வாழ்க்கையின் பெரிய துயரத்தைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அப்போது மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகவே போனார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு. அதனால் தூங்கப்போகும் நேரத்தில் எழுதாதீர்கள். சம்பவம் நடந்த சூட்டோடும் வேண்டாம், சில வாரங்கள் போகட்டும். எழுத எழுத மூச்சு முட்டுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். இலக்கணம், எழுத்துப்பிழை எதையும் பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். நான் எழுதியதை நாலாம் நாள் அடுப்பில் போட்டேன்.

ஐந்தாம் படி: தைரியத்துக்குப் பல்தண்டவாளம்

எங்கள் மலை ரயில் 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வந்தது, 1908இல் உதகையைத் தொட்டது. மொத்தம் 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் 12 அடி போனால் ஓர் அடி உயரும் அளவுக்குச் செங்குத்து. வழுவழுப்பான தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் நடுவில் பல் வைத்த தண்டுகள் இரண்டைப் பதித்திருக்கிறார்கள், இஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். இரண்டு தண்டின் பற்களும் நேருக்கு நேர் இல்லாமல் மாற்றி மாற்றி அமைந்திருக்கும். சக்கரம் ஒரு பல்லை விடும்போதே இன்னொரு பல்லைப் பற்றியிருக்கும். இஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, கீழ்ப்பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு வரும். பெட்டிகளில் பிரேக்ஸ்மேன்களும் நிற்பார்கள், வண்டியைப் பிடித்து நிறுத்துகிற பொறுப்பு இஞ்சினிடம் மட்டும் கிடையாது.

சின்ன வயதிலிருந்து அந்த ரயிலைப் பார்த்தவள் நான். ஆனால் பயத்தோடு உட்கார்ந்து அது எப்படி ஏறுகிறது என்று விசாரித்தபோதுதான் எனக்கு ஒரு வழி தெரிந்தது. ஒரு பிடியை விடுவதற்கு முன் அடுத்த பிடி கையில் இருக்க வேண்டும்.

செய்முறை இது. பயப்படுகிற விஷயத்தை எட்டு, பத்துத் துண்டாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை பய மதிப்பெண் போடுங்கள். குறைந்த மதிப்பெண்ணில் தொடங்குங்கள். ஒரு துண்டைத் திரும்பத் திரும்பச் செய்து, பயம் பாதியாக இறங்கிய பிறகுதான் அடுத்தது. உளவியலில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிற முறைதான் இது.

என் பட்டியல் இப்படி இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நிற்பது, 2. குன்னூரிலிருந்து வெலிங்டன் வரை பஸ்ஸில் போய் வருவது, 4. அண்ணனோடு காரில் காட்டேரி வரை இறங்கித் திரும்புவது, 6. பர்லியாறு வரை இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு மேலே வருவது, 7. மலை ரயிலில் மேட்டுப்பாளையம், அதுவும் 7. பஸ்ஸில் மேட்டுப்பாளையம், அண்ணன் பக்கத்தில், 8. தனியாக, 9. தனியாக, பள்ளத்தைப் பார்த்த ஜன்னல் சீட்டில், 10.

காட்டேரிக்கே ஐந்து முறை போனேன். முதல் தடவை பாதியில் "அண்ணா, திருப்பு" என்று கத்தினேன். அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "திருப்பறேன்மா. அஞ்சு நிமிஷம் இங்கயே நிப்போம், அப்புறம் திருப்பறேன்" என்றார். அந்த ஐந்து நிமிடம் பெரிய உதவி. பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்துவிட்டால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடம்பு நம்பிவிடும். அங்கேயே நின்று, பயம் தானாகக் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

கண்ணை மூடிக்கொள்வது, போனுக்குள் தலையை விட்டுக்கொள்வது இரண்டும் வேண்டாம். பாதையைப் பாருங்கள். நான் மரங்களை எண்ணினேன். பர்லியாறு வந்தால் பாக்கு மரம், சீசன் என்றால் கடையில் மங்குஸ்தான். தட்பவெப்பம் மாறுவதைத் தோலில் உணரலாம், காது அடைத்துத் திறக்கும். இதெல்லாம் நிஜமாகவே நடந்துகொண்டிருக்கிறது என்று கவனிக்கும்போது, மனதுக்குள் ஓடுகிற விபத்துக் காட்சி மங்குகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாப் பயமும் வெல்ல வேண்டிய பயம் இல்லை. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கனமழை எச்சரிக்கை இருக்கிற நாளில் மலைப்பாதையில் போகாமல் இருப்பது அறிவு. வெயில் அடிக்கிற நாளிலும் போக முடியவில்லை என்றால்தான் பட்டியல் தேவை.

ஆறாம் படி: ஒருவரிடம் போய்க் கேளுங்கள்

வாரம் ஒருமுறை, உங்களைவிட வயதில் மூத்த ஒருவரிடம் போய் ஒரே ஒரு கேள்வி: "அப்ப எப்படிச் சமாளிச்சீங்க?"

எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்கு வர வேண்டியிருந்தது, அதில் இவர் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னால் டேன்டீ என்கிற தமிழக அரசின் தேயிலை நிறுவனம் ஆனது.

சோகக் கதை சொல்வார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் சொன்னது சின்ன விஷயங்கள். வந்த முதல் மாதம் யாரையும் தெரியாது, அதனால் தினமும் காலையில் வாசலில் நின்று தண்ணீருக்குப் போகிறவர்களிடம் "என்னா, போறீங்களா?" என்று கேட்பாராம். பதில் சொல்லாதவர்களிடமும் மறுநாள் கேட்பாராம். "பேர் தெரியாட்டி என்னா, மொகம் பழகிப்போகும்ல" என்றார். அடுத்த நாள் என் மூன்றாவது வரி: வாசலில் நின்று மூன்று பேரிடம் பேசுவது.

கேட்கப் போகும்போது ஆறுதல் சொல்லாதீர்கள், உங்கள் கதையோடு ஒப்பிடவும் வேண்டாம். "சமாளிச்சேன்" என்று பொதுவாகச் சொன்னால், "காலையில எந்திரிச்சதும் மொதல்ல என்ன செய்வீங்க?" என்று இறங்கிக் கேளுங்கள். நமக்கு வேண்டியது அங்கேதான் கிடைக்கும்.

ஏழாம் படி: உறைபனி நாளுக்கு முன்கூட்டியே மூடாக்கு

மார்கழி, தையில் இங்கே உறைபனி கொட்டும். பள்ளமான இடங்களில் புல் வெள்ளையாகிவிடும், பனி உறைந்த இலையில் வெயில் பட்டதும் தேயிலை கருகும். விவரமான விவசாயி கருகிய பிறகு ஓட மாட்டார். பனி விழும் பள்ளம் எது என்று அவருக்குத் தெரியும். பெரணியையும் காட்டுச் செடியையும் வெட்டி வந்து முந்தின நாளே மூடிவிடுவார்.

உங்கள் பள்ளம் எது? எனக்கு ஞாயிறு சாயங்காலமும் விபத்து நடந்த தேதியும். நல்லாயிருக்கிற ஒரு நாளில் உட்கார்ந்து, மோசமான நாளுக்கான சீட்டு ஒன்றை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். யாருக்குப் போன் செய்வது, என்ன சாப்பிடுவது, எந்த வேலையைத் தள்ளிப்போடுவது. என் சீட்டில் முதல் வரி 'ரசம் சாதம்'. அந்த நாளில் யோசிக்கிற சக்தி இருக்காது, அதனால் எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்து வையுங்கள்.

எட்டாம் படி: மெதுவான ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்

காயம் ஆறிக்கொண்டிருக்கும்போதே புதிதாக எதையாவது பழகுங்கள். நீலகிரிப் பழங்குடிகளான தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் போடுகிற பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் கோடு வரைந்துகொள்ளாமல் இழைகளை எண்ணி எண்ணித்தான் போடுவார்கள். எண்ணுகிற வேலை எதுவானாலும் அலைகிற மனதைப் பிடித்து உட்கார வைக்கும்.

நான் சோலை மரங்களின் பெயர் கற்கிறேன். வாரம் ஒரு 15 நிமிட நடை, புதிதாக ஒரு செடி. 2020இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் வயதானவர்களை எட்டு வாரம், வாரம் ஒருமுறை 15 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். ஒரு குழுவினரிடம் மட்டும், வியப்பு தருகிற எதையாவது தேடிக்கொண்டே நடக்கச் சொன்னார்கள். அவர்கள் வழியில் எடுத்த செல்ஃபிகளில் வாரம் போகப் போகப் புன்னகை விரிந்தது. படத்தில் அவர்கள் உருவம் சிறியதாகி, பின்னால் இருந்த இடம் பெரியதானது. என் செடிப் பட்டியலில் இதுவரை காட்டுப் பூவரசு, நாவல், தவிட்டுப்பழம் என்று முப்பத்தொரு பெயர் ஏறியிருக்கிறது. தவிட்டுப்பழத்தை சின்ன வயதில் பாவாடை நிறையப் பறித்துத் தின்றிருக்கிறேன். அதன் பூ இளஞ்சிவப்பு என்று நாற்பத்திரண்டு வயதில்தான் பார்த்தேன்.

மாதக் கடைசியில்

நோட்டை எடுத்து மூன்றாவது வரிகளை மட்டும் வாசியுங்கள். செய்யாமல் விட்டவற்றை அடிக்க வேண்டாம். எந்த மாதிரி வேலைகள் திரும்பத் திரும்ப விடுபடுகின்றன என்று பாருங்கள், அவற்றை இன்னும் சின்னதாக்கி அடுத்த மாதத்தில் எழுதுங்கள். நாலைந்து நாள் எழுதாமல் போனால் விட்ட தேதிகளை நிரப்பாதீர்கள், இன்றைய தேதியைப் போட்டுத் தொடருங்கள்.

பட்டியலில் 10 போட்டிருந்த ஜன்னல் சீட்டில் போன ஆவணியில் உட்கார்ந்தேன். பகல் பதினொரு மணி பஸ், கையில் டிக்கெட் கசங்கிப்போயிருந்தது. இருட்டிய பிறகு இறங்குவது இன்னும் பாக்கி இருக்கிறது. அதைத் தனிப் பட்டியலாக்கி, முதல் துண்டை இந்த மாதம் எழுதியிருக்கிறேன்: மாலை ஐந்து மணி பஸ், காட்டேரி வரை, அண்ணனோடு.